ஐந்தடிக்கு ஏற்ற சைக்கிள் எது?

டிரையத்லான் சைக்கிள் செய்யும் நிறுவனங்களின் அளவு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆகச் சிறிய சைக்கிளுக்கு நேராகப் பெரும்பாலும் 155 செ.மீ. அல்லது 160 செ.மீ. என்று போட்டிருக்கும். அதற்குக் குறைந்த உயரம் உள்ளவர்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லை. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ., அதாவது ஐந்தடி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்து சைக்கிள் வரைபவர்கள் ‘மிகச் சிறியது’ என்று எதை நினைக்கிறார்களோ, அதற்கும் கீழேதான் நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் நிற்கிறார்கள்.

நாலு பேர் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2019-ல் கோவாவில் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லான் போட்டி தொடங்கிய பிறகு, நீச்சல் 1.9 கி.மீ., சைக்கிள் 90 கி.மீ., ஓட்டம் 21.1 கி.மீ. என்ற கணக்கு நம் ஊர் ஓட்டக் குழுக்களிலும் சாதாரணப் பேச்சாகிவிட்டது. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் நின்றால், கடந்து போகும் சைக்கிள்களில் பெண்களையும் பார்க்கலாம். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் அந்த வகை சைக்கிளை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். விலை லட்சங்களில். மூன்று விளையாட்டில் அதிக நேரம் பிடிப்பதும் சைக்கிள்தான். மொத்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி. அளவு பொருந்தாத சைக்கிளில் மூன்று, நான்கு மணி நேரம் குனிந்து கிடந்துவிட்டு இறங்கி 21 கி.மீ. ஓட வேண்டும் என்றால், கழுத்தும் இடுப்பும் சும்மா விடாது.

டிரையத்லான் சைக்கிள் என்பது ரேஸ் சைக்கிளுக்குக் கொம்பு வைத்தது அல்ல. முழங்கைகள் இரண்டும் பட்டைகளில் ஊன்றியிருக்க, முதுகு தரைக்கு இணையாகக் கிடக்க, காற்றில் நுழைந்து போக வேண்டும். ரேஸ் சைக்கிளில் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து இப்படிக் குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும். அதனால் சீட்டை முன்னால் கொண்டுவந்தார்கள். ரேஸ் சைக்கிளில் சீட் குழாயின் சாய்வு 73, 74 டிகிரி. இதில் 76 முதல் 80 வரை. சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ., சீட்டின் மூக்கு கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தது. தனித்தனியாக ஓட்டும் டிரையத்லானை அந்த விதி தொடவில்லை. (ஒலிம்பிக்கில் பார்க்கும் டிரையத்லான் வேறு. அங்கே ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓட்டலாம் என்பதால் ரேஸ் சைக்கிள்தான்.)

இந்த வடிவத்தைக் கடைக்குக் கொண்டுவந்தவர் டான் எம்ப்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். 1987-ல் அவர் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனம்தான் டிரையத்லானுக்கென்றே சைக்கிள் செய்து விற்கத் தொடங்கியது. அதில் கவனிக்க வேண்டியது சக்கரம். ரேஸ் சைக்கிள்களின் 700சி சக்கரத்தை விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய 650சி சக்கரத்தைப் போட்டார். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். முன்பக்கம் தாழ வேண்டும் என்றால் சக்கரம் சிறுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு 700சி திரும்பி வந்தது. 650சி மெல்ல மெல்லக் குட்டையானவர்களின் சக்கரமாகச் சுருங்கி, அப்புறம் பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. டயர், ரிம், டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் தொழிற்சாலைக்கும் லாபம், கடைக்காரருக்கும் சரக்கு வைக்க வசதி. அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்கள் ஐந்தடிக்காரர்கள்.

ஐந்து சென்டிமீட்டர் கணக்கு

700சி-யில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ.; 650சி-யில் 571 மி.மீ. வித்தியாசம் 5 செ.மீ. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் டியூப், முன்சக்கரத்தின் தலைக்கு மேலேதான் ஆரம்பிக்க முடியும். எனவே சக்கரம் 5 செ.மீ. குறைந்தால் முன்பக்கம் முழுவதையும் 5 செ.மீ. இறக்கலாம்.

152 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம். உள்கால் நீளம் 70 செ.மீ. என்று கொள்வோம். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளப்பது இந்த அளவு. டெய்லர் எடுக்கும் பேன்ட் அளவு இதற்கு உதவாது. அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய சூத்திரப்படி 70-ஐ 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை சுமார் 62 செ.மீ. சீட் குழாய் சாய்ந்திருப்பதால் செங்குத்தாகப் பார்த்தால் ஒரு செ.மீ. குறைந்து 61.

இனி முன்பக்கம். 700சி சக்கரம் போட்ட மிகச் சிறிய ஃபிரேமில் ஹெட் டியூப்பின் உச்சி, கிராங்க் அச்சிலிருந்து 47, 48 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம், முன்னால் நீளும் ஏரோ பார், முழங்கைப் பட்டை என்று 7, 8 செ.மீ. ஏறிவிடும். முழங்கை 55, 56-ல்; சீட் 61-ல். ஹேண்டிலை உயர்த்த வைக்கும் வளையமான ஸ்பேசர் ஒன்றுகூட வைக்காமல் கிடைக்கும் இறக்கம் 5 செ.மீ., 6 செ.மீ. புதிதாகத் தொடங்குபவருக்கு அது தாராளம். பழகி, உடம்பு வளைந்து, இன்னும் கொஞ்சம் தாழலாம் என்று நினைக்கும்போதுதான் கீழே இடமில்லை என்பது தெரியும். ஆறடி ஆணுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர் ஸ்பேசர் அடுக்கி மேலே ஏறுவார்.

அடுத்த தொல்லை காலில். கிராங்க் 17 செ.மீ.; பெடல் அச்சுக்கு முன்னால் நீட்டும் ஷூ முனை சுமார் 10 செ.மீ.; முன்சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. கூட்டினால் 60. கிராங்க் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடையே அந்த 60 செ.மீ. இல்லாவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது ஷூ முனை டயரில் உரசும். சின்ன ஃபிரேம்களில் 57, 58 இருந்தாலே பெரிது. சாதாரண சைக்கிளில் பெடலுக்கும் முன் டயருக்கும் நடுவே 89 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. காலைப் பூட்டும் பெடல் உள்ள சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. வேகமாகப் போகும்போது யாரும் ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதில்லை. ஆபத்து யூ-டர்னில். நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே சாலையில் போய்த் திரும்பி வருகிற ரகம் என்பதால் யூ-டர்னுக்குப் பஞ்சமே இல்லை. தன்னார்வலர்கள் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிற இடத்தில், பூட்டிய ஷூவோடு, நடக்கிற வேகத்தில் சாய்ந்து விழுவது ஒரு தனி அவமானம்.

இந்த உரசலைத் தவிர்க்க வடிவமைப்பாளர்கள் செய்யும் வேலை அதைவிடக் கேடு. முன்சக்கரத்தை முன்னால் தள்ளுவார்கள். அதற்காக ஃபோர்க்கை அதிகம் சாய்த்தால் ஹேண்டில் மந்தமாகிவிடும். ஃபிரேமை நீட்டினால் கைக்கு எட்டும் தூரம் கூடிவிடும். அட்டவணையில் 48, 51 என்று இரண்டு அளவு போட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் சீட் குழாய்தான் குட்டையாகியிருக்கும், முன்னால் எட்ட வேண்டிய தூரம் ஏறத்தாழ அதேதான். ‘எக்ஸ்.எஸ்.’ என்று ஒட்டியிருப்பதை நம்பி வாங்கியவர், தோளை நீட்டிக்கொண்டு, சீட்டின் நுனிக்குச் சறுக்கிச் சறுக்கி ஓட்டுவார். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அன்று இலவசம், அவ்வளவுதான்.

‘லேடீஸ்’ என்று எழுதினால் போதுமா?

பெண்களுக்குத் தனி சைக்கிள் என்ற பேச்சுக்கு அமெரிக்காவில் உருவம் கொடுத்தவர் ஜார்ஜினா டெர்ரி. இயந்திரப் பொறியாளர்; சிறு வயதில் போலியோ வந்தவர். 1985-ல் சொந்த நிறுவனம் தொடங்கி, பின்னால் 700சி, முன்னால் 24 அங்குலம் என்று இரு வேறு சக்கரங்களோடு சின்ன ஃபிரேம்களைச் செய்தார். பார்க்க விசித்திரம், ஆனால் ஷூவும் உரசவில்லை, கையும் எட்டியது. இரண்டு அளவு டியூப் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் சங்கடம். தைவானின் ஜயன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போனி டூ உருவாக்கிய ‘லிவ்’, பெண்களுக்கென்றே டிரையத்லான் சைக்கிளும் செய்தது. ஜெர்மனியின் கேன்யன் 2017-ல், பெண்களுக்கான ரேஸ் சைக்கிள்களில் மிகச் சிறிய அளவுகளுக்கு 650பி சக்கரம் (584 மி.மீ.) போட்டது. அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டோ, தன்னிடம் சேர்ந்த உடல் அளவுகளைப் பார்த்துவிட்டு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று தனி ஃபிரேம் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது.

என் கட்சி இந்தக் கடைசிப் பக்கம்தான், ஒரு திருத்தத்தோடு. ‘பெண்ணுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை’ என்று காலங்காலமாகச் சொல்லி வந்த சூத்திரத்தை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணுக்கும் சைக்கிள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே வீட்டு அக்கா தங்கைக்கே கால் நீளம் மாறுகிறது. ஃபிரேமைப் பொறுத்தவரை 153 செ.மீ. ஆணுக்கும் இதே அவதிதான். ஆனால் சீட், ஹேண்டில்பாரின் அகலம், பிரேக் பிடிக்க விரல் நீள வேண்டிய தூரம் ஆகியவற்றில் பெண்ணுடம்புக்குத் தனிக் கவனம் தேவை. நிறுவனங்கள் பல காலம் இதைத் தலைகீழாகச் செய்தன: ஃபிரேமுக்கு ரோஜா நிறம் அடித்துவிட்டு, கிராங்க்கையும் சக்கரத்தையும் அப்படியே விட்டன.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியபோது, லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திராமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். குழந்தையை உட்காரவைக்க அதன் குறுக்கு பார் வசதி என்றுகூடச் சொன்னார்கள். குடத்தோடு குழாயடிக்குப் போய்வர அது சரி. 90 கி.மீ. அசையாமல் குனிந்து ஓட்ட அந்தச் சமாளிப்பு நடக்காது.

சரி, அட்டவணையில் எதைத்தான் பார்ப்பது? இரண்டே எண்கள். ஒன்று ஸ்டாக்: கிராங்க் அச்சின் நடுவிலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை செங்குத்து உயரம். மற்றது ரீச்: அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கிடைமட்டத் தூரம். இந்த அளவுமுறையைப் பரப்பியவரும் அதே எம்ப்ஃபீல்ட்தான். 48, எக்ஸ்.எஸ்., ஸ்மால் என்ற பெயர்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அர்த்தம். ஸ்டாக்கும் ரீச்சும் எங்கேயும் மாறாது. ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஹெட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசருக்கும் ரீச் சுமார் 3 மி.மீ. குறையும். ஸ்டாக் 3 செ.மீ. குறைவாகவும் ரீச் 9 மி.மீ. அதிகமாகவும் உள்ள ஒரு ஃபிரேம், ஸ்பேசர் வைத்து ஏற்றியதும் பக்கத்து ஃபிரேமுக்குச் சமமாகிவிடும். அதன் பிறகு இறங்க இடமும் மிச்சம். ஐந்தடிப் பெண்ணுக்கு நான் தேடச் சொல்வது இந்த ரகம்.

கிராங்க்: மலிவான வைத்தியம்

சக்கரத்தை மாற்ற முடியாது; ஃபிரேமை அறுக்க முடியாது. கிராங்க்கை மாற்றலாம். கடையில் வருவது பெரும்பாலும் 170, 172.5, 175 மி.மீ.; சில சின்ன சைக்கிள்களில் 165. உள்கால் 90 செ.மீ. உள்ள ஆணுக்கு 175 மி.மீ. கிராங்க் என்பது கால் நீளத்தில் 19 சதவீதம் சொச்சம். நம் 70 செ.மீ. பெண்ணுக்கு அதே விகிதம் என்றால் 136 மி.மீ. போதும். அவருக்குக் கடைக்காரர் மாட்டிக் கொடுப்பதோ 170, அதாவது 24 சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் மார்பை நோக்கி ஏறி வருவது அதனால்தான்.

155 மி.மீ. கிராங்க் போட்டுப் பாருங்கள். கால் நீட்டும் தூரம் கீழே 1.5 செ.மீ. குறைவதால், சீட்டை அந்த அளவு உயர்த்தலாம். மேலே பெடல் வரும் உயரமும் 1.5 செ.மீ. குறைகிறது. ஆக, பெடல் உச்சியில் இருக்கும்போது இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவே 3 செ.மீ. கூடுதல் இடம். சீட் உயர்ந்ததால் முன்பக்க இறக்கமும் 1.5 செ.மீ. கூடுகிறது. ஷூ முனை டயரை விட்டு 1.5 செ.மீ. விலகுகிறது. மேலே புலம்பிய மூன்று சங்கடங்களும் ஒரே மாற்றத்தில் இளகுகின்றன.

‘குட்டைக் கிராங்க்கில் சக்தி போய்விடுமே’ என்று சைக்கிள் குழுவில் யாராவது ஒரு அண்ணன் நிச்சயம் சொல்வார். ஜிம் மார்ட்டினும் வனீன் ஸ்பிர்டூசோவும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 16 பேரை 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களில் மிதிக்கவைத்தார்கள். அதிகபட்ச சக்தியில் வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான், அதுவும் இரு கோடிகளிலும். 145-க்கும் 170-க்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கியரை ஒரு பல் இறக்கி, கொஞ்சம் வேகமாக மிதித்தால் கணக்கு நேராகிவிடும். 2024-ல் டூர் டி பிரான்ஸ் வென்ற 176 செ.மீ. உயர தடேய் பொகாச்சரே 165-க்கு வந்துவிட்டார்.

சீட் பற்றிக் கூச்சமில்லாமல் பேசியாக வேண்டும். முன்னால் குனியும்போது இடுப்பு எலும்பு உருண்டு, எடை பின்பக்க எலும்புகளிலிருந்து முன்பக்க மெல்லிய சதைக்கு வந்துவிடுகிறது. மரத்துப்போதல், வீக்கம், புண் என்று பெண்கள் படும் அவஸ்தையை ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பியது இந்த விளையாட்டின் பெரிய அநியாயம். பிரிட்டனின் பாரா சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட்டால் வந்த வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை 2019-ல் வெளிப்படையாக எழுதியதும்தான் பலர் வாய் திறந்தார்கள். மூக்கு இரண்டாகப் பிளந்த ஐ.எஸ்.எம். போன்ற சீட்டுகள் இந்த நிலைக்கென்றே வந்தவை. எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்றில்லை. பிளவின் அகலம் சிலருக்குத் தொடையை அறுக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஏரோ நிலையில் மிதித்துப் பார்க்காமல் எந்தச் சீட்டையும் வாங்க வேண்டாம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதையும் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பாதிப் புண் அதனால்தான்.

ஆழமான ரிம் உள்ள சக்கரங்கள் கண்ணைப் பறிக்கும். 48 கிலோ உடம்புக்கு முன்சக்கரத்தில் 40, 50 மி.மீ. ஆழத்துக்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைத்தான் திருகும். கடற்கரைச் சாலையில் கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளி வரும்போது அது தெரியும். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் காற்றுக்குப் பயந்து முழு டிஸ்க் சக்கரத்துக்கே தடை இருக்கிறது. அதே கோனாவில் 161 செ.மீ. உயரமுள்ள ஆஸ்திரேலியர் மிரிண்டா கார்ஃப்ரே 2010, 2013, 2014 என மூன்று முறை வென்றார். 2014-ல் சைக்கிளை விட்டு இறங்கும்போது முதலிடத்துக்கு 14 நிமிடம் 30 நொடி பின்னால் இருந்தார். மாரத்தானை 2 மணி 50 நிமிடத்தில் ஓடி முந்திவிட்டார். குட்டையான பெண்ணுக்குச் சமதளச் சைக்கிளில் நேரம் கொஞ்சம் போகும். போன நேரத்தை மீட்க ஓட வேண்டும். ஓட, இடுப்பு மடங்காமல் இறங்க வேண்டும்.

பழைய 650சி சைக்கிள்கள் கைமாற்றாகக் கிடைப்பதுண்டு. அளவில் அவை இன்றும் ஐந்தடிக்கு அருமை. கியர் 7, 8 சதவீதம் இலகுவாகும். முன் பல்சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தீர்ந்தது. பொறி டயரில் இருக்கிறது. டயரின் பக்கத்தில் 26×1 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தெருமுனைக் கடையில் ‘26 இஞ்ச் டயர்’ கேட்டால், மவுன்டன் பைக்கின் 26 அங்குலம் (559 மி.மீ.) அல்லது சாதாரண சைக்கிளின் 26×1⅜ (590 மி.மீ.) கிடைக்கும். இரண்டும் 571-க்குப் பொருந்தாது. டியூப் சமாளிக்கலாம், டயர் முடியாது. அப்படி ஒரு சைக்கிள் வாங்கினால் நாலு டயரை வரவழைத்து வீட்டில் வைத்துக்கொள்வது உத்தமம்.

முதல் போட்டி என்றால் டிரையத்லான் சைக்கிளே வேண்டியதில்லை. அளவான ரேஸ் சைக்கிளில் குட்டை ஏரோ பார் மாட்டி, சீட்டைச் சற்று முன்னால் நகர்த்தி, ஒரு சீசன் ஓட்டினால் தன் உடம்பு எவ்வளவு குனியும் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு பைக் ஃபிட் செய்பவரிடம் போய், அளவு மாற்றக்கூடிய ஃபிட் சைக்கிளில் உட்கார்ந்து, முழங்கைப் பட்டையின் உயரத்தையும் தூரத்தையும் எழுதி வாங்குங்கள். கடைக்குப் போவது அதற்கு அப்புறம். வழக்கமாக எல்லோரும் சைக்கிளை வாங்கிவிட்டு ஃபிட்டுக்குப் போகிறார்கள். அப்போது ஃபிட் செய்பவரால் ஸ்பேசரைத்தான் கழற்ற முடியும். கடையில் கேட்க வேண்டியவை: இந்தச் சைக்கிளில் முழங்கைப் பட்டை ஆகக் கீழே எவ்வளவு இறங்கும், 36, 38 செ.மீ. அகலத்தில் ஹேண்டில்பார் வருமா, ஃபிரேமுக்குள் பாட்டில் மாட்ட இடமிருக்கிறதா, கிராங்க் 155-க்கு மாற்றித் தருவார்களா. கடைசிக் கேள்வியை மட்டும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். புது சைக்கிளோடு என்றால் பெரும்பாலும் வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். அடுத்த வாரம் போய்க் கேட்டால், புதுக் கிராங்க்கின் முழு விலையும் உங்கள் தலையில். கழற்றிய 170-ஐப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.